லூர்துமேரி வெளுக்க மறுத்த முகங்கள்

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கைபேசியில், என் லேபில் படம் அச்சடிக்கும் லூர்துமேரியின் பெயர் வந்தது. பிரிண்டரின் மை ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்கும் கோடு போட்ட தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு நின்றிருந்தேன். பெரம்பலூர் ஸ்டுடியோ ஒன்றுக்குப் பதினோரு மணிக்குப் படம் கொடுத்தாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே, "என்ன, இன்னும் பஸ்ஸே ஏறலையா? வர்றதா உத்தேசம் உண்டா இல்லையா?" என்று கத்தினேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல், "சார், நான் சவரிமுத்து பேசறேன். லூர்து வூட்டுக்காரன்" என்றது. "விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஜெயங்கொண்டம் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டா சார்."

அவளுக்கென்று நான் கடைசியாகச் சொன்னது ஒரு திட்டு, அதையும் வாங்கிக்கொண்டது அவள் புருஷன் என்பது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் வரதராஜன்பேட்டையில் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது சவரிமுத்து என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். சிமென்டு லாரி ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். குழந்தை மாதிரி நின்றார். "சார், முப்பதாம் நாளு பூசைக்குப் படம் வேணும். எங்ககிட்ட நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல. கேமராவக் கண்டாலே ஓடிடுவா. உங்ககிட்ட இருந்தா பாருங்க. நீங்கதான் போட்டுத் தரணும்." நான் தலையாட்டினேன். அவர் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கலரா போட்டுடுங்க சார். ஃபாதருங்க, சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க" என்றார்.

கலராக என்றால் வண்ணப்படம் இல்லை. நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஸ்டுடியோக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முகத்தை வெளுத்துத் தாருங்கள் என்பதுதான். பெண்டாட்டியை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து நிற்கிற மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன். சொன்ன நிமிடத்திலிருந்து என் நிம்மதி போயிற்று. பதினோரு வருஷத்தில் என் லேபில் தனக்குத் தெரிந்து ஒரு முகத்தைக்கூட வெளுக்க விடாதவள் அவள். அவள் முகத்தையே வெளுத்துத் தருவதாக அவள் குழி மேட்டின் ஈரம் காய்வதற்குள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

இந்த இதழைப் படிக்கும் நம் ஸ்டுடியோக்காரர்களில் அவளை நேரில் பார்க்காதவர்கள்கூட அவள் குரலைக் கேட்டிருப்பீர்கள். பெரம்பலூர், ஜெயங்கொண்டம், திருமானூர் என்று எங்கிருந்து படம் அனுப்பினாலும் அரைமணியில் போன் வரும். "அண்ணே, இவரு உசுரோட இருக்காரா, தவறிட்டாரா? வெயில்ல வேலை செஞ்சவரா, ஆபீசா? படத்த எந்தச் சுவத்துல மாட்டப் போறாங்க?" உங்களில் பாதிப் பேர் என்னிடம் புகார் சொல்லியிருக்கிறீர்கள்: "பிரிண்ட் போடச் சொன்னா ஜாதகம் கேக்குதுய்யா உங்க பொண்ணு." அந்தப் பொண்ணுக்கு நாற்பத்தாறு வயது. தினமும் இரண்டு பஸ் மாறி அரியலூர் வந்து போனவள். இந்தக் கட்டுரையை "மறைந்த லூர்துமேரி அவர்கள்" என்றுதான் தொடங்கினேன். நாலு வரி 'அவர்' போட்டு எழுதியதும் யாரோ பெரிய மனுஷியைப் பற்றி மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். எனக்கு அவள் அவள்தான்.

என் கடைக்கு அவள் வேலைக்கு வரவில்லை, சண்டைக்குத்தான் வந்தாள். முந்திரிக் காட்டில் காவல் இருந்த அவள் அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பழைய படம் ஒன்றிலிருந்து நான் அச்சடித்துக் கொடுத்ததைத் திருப்பிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். "இது எங்க அப்பா இல்லைங்க. மொகத்துல சிமென்டு பூசி வெச்சிருக்கீங்க." எனக்குச் சுருக்கென்றது. "கருப்பு வெள்ளையில கலர் ஏதும்மா? கருப்பு கருப்புதான், வெள்ளை வெள்ளைதான்" என்றேன். அவள் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ச் சாய்த்துப் பிடித்தாள். "இந்தக் கருப்பு நீலமா இருக்கு. எங்க அப்பா செவப்புக் கருப்பு." எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப நீங்களே போட்டுக்கங்க" என்று நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவள் உட்கார்ந்தே விட்டாள்.

இதில் கொஞ்சம் தொழில் இருக்கிறது, வெளியார் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிண்டரில் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கருப்பு மை ஒன்று, சாம்பல் மை இரண்டு. அவற்றோடு துளி மஞ்சளும் துளி சிவப்பும் சேர்ந்தால் படத்துக்கு ஒரு வெதுவெதுப்பு வரும். நீலம் சேர்ந்தால் குளிர்ந்துவிடும். செட்டிங்கில் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் படம் சாயும். கடை திறந்த நாளிலிருந்து நான் அந்தப் புள்ளியைத் தொட்டதே இல்லை. நடுவில் இருந்தால்தான் நேர்மை என்று எனக்கு ஒரு நினைப்பு. ஜெயங்கொண்டத்து அச்சகம் ஒன்றில் டைப் அடித்துப் பழகியவள் என்பதால் அவளுக்கு மவுஸ் பிடிக்கத் தெரிந்திருந்தது. புள்ளியைப் பார்த்தாள், இது என்ன என்றுகூடக் கேட்கவில்லை, நகர்த்தினாள். நாலு தாள் வீண். ஐந்தாவது தாள் வெளியே வந்ததும், "இப்ப வந்துட்டாரு" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கிழவர் உண்மையிலேயே வந்துதான் இருந்தார். "நாளைலேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்டேன்.

வெதுவெதுப்பை அவள் வெயில் என்றுதான் சொல்வாள். "இவருக்கு இன்னும் ஒரு எள்ளு வெயில் வேணும்ணே." எள்ளுதான் அவள் அளவு. புள்ளியை ஒரு எள்ளு நகர்த்து, அரை எள்ளு நகர்த்து. எனக்கு அது டீக்கறை. "கருப்பு வெள்ளைன்னா கருப்பு வெள்ளையா இருக்கணும். நடுவுல இருந்து ஒரு எள்ளுக்கு மேல போனா அது டீக்கறைதான்" என்பேன். "உங்க கண்ணு சிமென்டு ஃபேக்டரி கண்ணு. இந்த ஊரு லாரியப் பாத்துப் பாத்து உங்களுக்குச் சாம்பல்தான் அழகாத் தெரியுது" என்பாள். இந்தச் சண்டை தினமும் நடந்தது. காலையில் டீ வருவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அவளிடம் குறையே இல்லை என்று எழுத எனக்கு மனசு வராது. தாளை வாரி இறைப்பாள். வேலையில் உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டால் காது கேட்காது. அச்சடித்த படத்தை அன்றைக்கே கொடுக்கவே மாட்டாள். மை காயக் காயத் தொனி, அதாவது கருப்பின் சாயல், மாறும், மறுநாள் பார்த்துத்தான் முடிவு. வாடிக்கையாளர் வாசலில் பொங்கிக்கொண்டு நிற்பார், நான் உள்ளே பொங்குவேன். "ஈரத்துல எல்லாரும் நல்லவங்கதாண்ணே. காஞ்சப்புறம் பாக்கணும்" என்பாள். செட்டிங்கைச் சேமித்தும் வைக்க மாட்டாள். போன படத்துக்கு வைத்த இடத்திலேயே இந்தப் படத்துக்கும் வை என்றால், "போன ஆளு இவரு இல்லியே" என்று முறைப்பாள். அதனால்தான் அவள் போன பிறகு எனக்கென்று ஒரு குறிப்புகூட இல்லாமல் போயிற்று.

வெளுக்கும் சங்கதிக்கு வருகிறேன். ஒருநாள் நடுத்தர வயது அம்மாள் ஒருவர் புருஷன் படத்தோடு வந்தார். "கொஞ்சம் கலரா போட்டுடும்மா." லூர்து முடியாது என்று சொல்லவில்லை. எப்போதுமே சொல்ல மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா. அவரு எப்புடி இருப்பாரு, சொல்லுங்க" என்றாள். அந்த அம்மாள் சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. கரும்பு வெட்டிவிட்டு வந்து வாசலில் நின்று தண்ணீர் கேட்பாராம், வியர்வையில் நெற்றி பளபளவென்று இருக்குமாம். லூர்து முகத்தின் கருப்பில் கை வைக்கவே இல்லை. நெற்றியிலும் கண்ணிலும் இருந்த வெளிச்சத்தை மட்டும் தூக்கினாள், மூன்று எள்ளு வெயில் கொடுத்தாள். மறுநாள் படத்தை வாங்கிப் பார்த்த அந்த அம்மாள், "நல்லாக் கலரா வந்துருக்கும்மா" என்று அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். அவர் போன பிறகு, "ஏமாத்துக்காரி, நீ எங்க வெளுத்தே?" என்றேன். "அவங்க கேட்டது வெளுப்பு இல்லண்ணே. உசுரு. அதுக்கு வேற வார்த்தை தெரியல, கலருன்னு கேக்கறாங்க" என்றாள்.

அவள் தலைகுப்புற விழுந்த கதையும் உண்டு. திருமானூர் பக்கம் ஒரு பெரியவர் இறந்து, மூன்று மகன்களும் ஆளுக்கொரு படம் கேட்டார்கள். சுவரைப் பார்க்காமல் அச்சடிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். பஸ் பிடித்துப் போய் மூன்று வீட்டையும் பார்த்துவிட்டு வந்தாள். மூத்தவன் வீட்டில் பச்சைச் சுவர், டியூப் லைட். நடுவுலவன் வீட்டில் நீலச் சுவர், பெரிய ஜன்னல். சின்னவன் வீட்டில் குண்டு பல்பு. மூன்று சுவருக்கும் தக்கபடி மூன்று விதமான தொனியில் ஒரே முகத்தை அச்சடித்தாள். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. பதினாறாம் நாள் படத்திறப்பு. மூன்று மகன்களும் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே பந்தலில் வரிசையாக வைத்துவிட்டார்கள். பகல் வெளிச்சம், மேலே ரோஸ் கலர் துணி. ஒரு அப்பா சிவப்பு, ஒரு அப்பா பழுப்பு, ஒரு அப்பா கன்னங்கரேல்.

"எங்கப்பாவ எனக்கு மட்டும் ஏன் கருப்பாக் குடுத்தீங்க?" என்று சின்னவன் போனில் கத்தினான். பின்னால் மருமகள்கள் சத்தம் வேறு. சொத்துச் சண்டையைவிட மோசம். நாங்கள் ஓடினோம். அவள் பந்தலில் போய் நின்று, "ஆளுக்கு ஆளு படத்தத் தூக்கிக்கிட்டு அவங்கவங்க வூட்டுக்கு நடங்க" என்றாள். என்ன தைரியம்! துக்க வீட்டுக் கூட்டம் மொத்தமும் படத்தின் பின்னால் வீடு வீடாகப் போனது. முதல் வீட்டில் மாட்டினார்கள், இரண்டாவது வீட்டில் மாட்டினார்கள். சின்னவன் வீட்டில் பல்பைப் போட்டதும் மூத்தவன் திகைத்து நின்று, "அட, எல்லா வூட்டுலயும் அப்பா ஒரே மாதிரிதான்டா இருக்காரு" என்றான். கூட்டம் அப்புறம்தான் அழுதது. திரும்பும்போது நான் பாராட்டினேன். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. "தப்பு என்னுதுதாண்ணே. மூணு சுவத்தப் பாத்தேன். அண்ணந்தம்பி சேர்ந்து நிப்பாங்கன்னு நெனைக்கல" என்றாள். அன்றிலிருந்து உங்களிடம் அவள் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடிற்று: "எல்லாரும் சேர்ந்து கும்புடுவாங்களா, தனித்தனியாவா?"

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் அம்மா இறந்தார். விக்கிரமங்கலம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்பது வருஷம் நாற்று நட்டவர். அவர் படத்தை நானே அச்சடித்தேன், லூர்து விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து. புள்ளி நடுவில். முகம் நன்றாக வெளுத்து, ஒரு டீச்சரம்மா மாதிரி. வெளுக்க வேண்டும் என்று யோசித்து முடிவு செய்ததாகக்கூட நினைவில்லை, கை தானாகச் செய்தது. மறுநாள் அவள் வந்து பார்த்தாள். "யாருண்ணே இது?"

"எங்க அம்மா."

வெகுநேரம் பார்த்தாள். "வெயில்ல நின்னதெல்லாம் வீணாப் போச்சே அம்மாவுக்கு."

அவள் குத்திக்காட்டவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். எனக்கு அது உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. "உன் வேலை என்னமோ அதப் பாரு! பள்ளிக்கூடத்துல என்னைக் கருவாயன் கருவாயன்னு கூப்புட்டப்ப நீ வந்து பாத்தியா?" என்று கடை அதிரக் கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் ஒன்றுமே நடக்காதது போல வந்து மீன் குழம்பு டப்பாவை என் முன்னால் வைத்தாள். "சாப்புடுங்க. கோவம் வயித்துக்கு ஆகாது." பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நானும் கருப்புதாண்ணே. எனக்கு மட்டும் யாரும் சொல்லலன்னு நெனச்சீங்களா?" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவின் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் அப்படியேதான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை, மாற்றியதும் இல்லை.

இப்படிப்பட்டவன் கையில்தான் அவள் முகம் வந்து சேர்ந்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். கடை வாசலில் ஒரு தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவளைச் சும்மா சீண்டுவதற்காக எடுத்தது. கேமராச் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறாள், புருவம் நெரிந்திருக்கிறது, திட்டுவதற்கு வாய் பாதி திறந்திருக்கிறது. அந்தப் படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு நாள் நாளாக உட்கார்ந்தேன். திறப்பேன், மூடுவேன். டீ குடிக்கப் போவேன், பாதி டீயில் திரும்பி வருவேன். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. பெரம்பலூர்க்காரர் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போனார்.

புள்ளியை நடுவில் வைத்து அடித்தேன். சிமென்டு. அவள் என்ன சொல்வாள் என்று யோசித்து நாலு எள்ளு வெயில் கொடுத்தேன். மஞ்சள் காமாலை. இரண்டு எள்ளு. மூன்று எள்ளு. ஒரு எள்ளு. காயட்டும் என்று மறுநாள் வரை காத்திருந்து பார்த்தால் நேற்று பார்த்தது வேறு, இன்று பார்ப்பது வேறு. அவள் எதைப் பார்த்துச் சரி என்பாள் என்பது பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆத்திரத்தில் ஒன்றை வெளுத்து அடித்தேன், சவரிமுத்து கேட்டபடியே. அது நன்றாகவே வந்தது. எந்தக் கல்யாண ஆல்பத்திலும் வைக்கலாம், எந்த ஃபாதருக்கும் காட்டலாம். குடும்பத்துக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போ, உனக்கென்ன என்று ஒரு மனசு. இதைக் கொண்டுபோய் மாட்டினால் இனி இந்தத் தொழிலை எந்த மூஞ்சியோடு செய்வாய் என்று இன்னொரு மனசு. உயிரோடு இருக்கிறவர் கேட்கிறார், செத்தவள் கேட்கவில்லை. ஆனால் செத்தவள் சும்மா இருக்கிற ஆளா!

முப்பதாம் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், வெளுக்காத படங்கள் மூன்றை மூன்று தொனியில் எடுத்துக்கொண்டேன். வெளுத்த படத்தைத் தனியாக ஒரு உறையில் போட்டுக்கொண்டேன். அடக்கத்தன்று அந்த வீட்டில் அரை நாள் நின்றிருக்கிறேன், சுவர் என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது. சுவரைப் பார்த்துவிட்டு அச்சடிப்பது அவள் முறை. அச்சடித்ததைச் சுவருக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் போகும்போது உறையைக் கொடுத்துவிடலாம், வேண்டாம், கொடுத்துவிடலாம் என்று ஜெயங்கொண்டம் வரை என்னோடு நானே மல்லுக்கட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி இருக்கும். முன் அறை. வெளிறிய ரோஸ் நிறச் சுவர், மேற்குப் பார்த்த ஜன்னல். வெயில் உள்ளே வந்து சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. சவரிமுத்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கலரா போட்டுட்டீங்களா சார்?"

"பாருங்க" என்றேன். உறை என் கக்கத்தில் இருந்தது.

நிறைய வெயில் கொடுத்த படத்தை முதலில் பிடித்தேன். அவள் இதைத்தான் எடுப்பாள் என்று பந்தயமே கட்டியிருப்பேன். அந்தச் சுவரில், அந்த வெளிச்சத்தில் அது துருப்பிடித்த மாதிரி தெரிந்தது. "காய்ச்சல்ல கெடக்கற மாதிரி இருக்கா சார்" என்றார். இரண்டாவதைப் பிடித்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் இல்லை என்றால் உறையைத்தான் பிரிக்க வேண்டும். மூன்றாவதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். அந்த வீடே தன் வெயிலை அந்த முகத்துக்குக் கொடுத்தது. அவள் கருப்பு அப்படியே வந்து நின்றது. நெரிந்த புருவமும் பாதி திறந்த வாயும்.

சவரிமுத்து ஒரு அடி பின்னால் போனார். "சண்டைக்கு வர்றா சார்" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. "காலைல சாப்புடாம வண்டி எடுக்கக் கெளம்புனன்னா இப்புடித்தான் சார் பாப்பா. இப்புடியேதான்." கை வலித்து நான் படத்தைக் கொஞ்சம் இறக்கினேன். "எடுக்காதீங்க, எடுக்காதீங்க சார். அங்கயே இருக்கட்டும்" என்று பதறினார். வெளுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டது என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்?

ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டுக் கிளம்பும்போது அவர் கண்ணில் உறை பட்டுவிட்டது. "அதுல என்ன சார், இன்னொரு படமா?"

"அது வேற ஒருத்தருதுங்க" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், நிம்மதி இல்லை, அது நிச்சயம். 'போதும்' என்று சொல்ல முடியாத அவள் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பெல்லாம் படம் வெளியே வந்ததும் சூட்டோடு மூடிக் கொடுத்துவிடுவேன். இப்போது வாசலுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், மறுநாள் வா என்கிறேன், கோபித்துக்கொள்கிறவர்களிடம் இறந்தவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டுத் திட்டு வாங்குகிறேன். போன வாரம் பெரம்பலூரில் ஒரு வீட்டுக்குச் சுவர் பார்க்கப் போனேன். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் என்று நினைத்துக் கொல்லைப்புறம் வரை கூட்டிப்போய்க் காட்டினார்கள். முகத்தை வெளுக்கும் வேலையை என் லேபில் இனி யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் ஸ்டூலை இழுத்துப் போடுவேன், அவர் எப்படி இருப்பார் என்று நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இங்கே எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அந்தச் சுவரில் பொருந்திய மூன்றாவது படம், புள்ளியை நடுவிலிருந்து ஒரே ஒரு எள்ளு மட்டும் நகர்த்தி அடித்தது. பதினோரு வருஷம் நான் தொண்டை கிழியச் சொன்ன தொனி. ஒருநாள்கூட அவள் ஒத்துக்கொள்ளாத தொனி. அவள் வீட்டிலேயே, அவள் முகத்திலேயே நான் ஜெயித்துவிட்டேன். வீடு திரும்புகிற வழியெல்லாம் இதை யாரிடமாவது சொல்லிக்காட்ட வேண்டும் என்று வாய் துடித்தது. சொன்னால் புரிகிற ஆள், சொன்னால் ஒத்துக்கொள்ளாமல் மல்லுக்கு நிற்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

லூர்து, உன் வூட்டுச் சுவத்துல நான் சொன்னதுதான் சரியா வந்துச்சு. இல்லைன்னு சொல்லு, பாப்போம்.